சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "அக்கா சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். அம்மா ஜனவரியில் தனியாகப் போகிறார், ஜூனில் திரும்புகிறார். சென்னையிலிருந்து அங்கே 13,900 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்றால் பதினைந்தரை மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட் தேடினால் 21, 24, 28 என்று வருகிறது. போகும்போது கிளம்பிய அன்றைக்கே போய்ச் சேர்வதாகவும், திரும்பும்போது இரண்டு நாள் ஆவதாகவும் காட்டுகிறது. எதை நம்புவது?"

தம்பி, எல்லாமே சரிதான். 13,900 என்பதும் சரி, 28 மணி நேரம் என்பதும் சரி. ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போட முடியாது. மண்ணடியில் டிக்கெட் போட்டே காலம் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு ஊர்களுக்கு நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பவர்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது எத்தனை மணி நேரம் என்பதைத்தான். அந்த நேரத்தைத் தீர்மானிப்பதில் கிலோமீட்டருக்கு ஒரு பங்குதான். மிச்சத்தைக் காற்றும், இறங்கி ஏறும் ஊரும், எந்த நாட்டு வானத்தில் பறக்க விடுகிறார்கள் என்பதும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

முதலில் அந்த 13,900 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது உருண்டையான பூமியின் மேல் மீனம்பாக்கத்துக்கும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம். பெருவட்டப் பாதை என்பார்கள். பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்று கிடைத்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் வரைபடத்தில் அமெரிக்கா இடது கோடியில் இருக்கிறது. அதனால் விமானம் மேற்கே அரபிக்கடலைத் தாண்டித்தான் போகும் என்று நினைப்போம். நூல் அப்படிப் போகாது. மீனம்பாக்கத்திலிருந்து நேர் வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து கிளம்பும்.

அந்தக் கோட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது. கோடு முதலில் மாதவரத்துக்கு மேலே போகிறது. அப்புறம் ஆந்திரக் கடற்கரையை ஒட்டி ஏறி, ஒடிசா, பீகார் தாண்டி, கிட்டத்தட்ட எவரெஸ்ட் சிகரத்தின் தலைக்கு மேலேயே போகிறது. அங்கிருந்து திபெத், மங்கோலியா, பைக்கால் ஏரியின் தென்கோடி, கிழக்கு சைபீரியா. ரஷ்யாவும் அமெரிக்காவும் எதிரெதிரே நிற்கும் பேரிங் நீரிணையைக் கடந்து அலாஸ்காவுக்குள் நுழைந்து, ஆங்கரேஜ் ஊருக்குப் பக்கமாக வந்து, கடல் மேலே இறங்கி சான் பிரான்சிஸ்கோ சேர்கிறது. அட்லாண்டிக் பெருங்கடல் அந்த வழியில் வரவே வராது.

இந்தக் கோட்டின் மேல் எந்தப் பயணிகள் விமானமும் பறப்பதில்லை. முதல் காரணம், சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு எங்கேயும் நிற்காமல் போகும் விமானம் கிடையாது. அவ்வளவு தூரம் பறக்கும் விமானம் உலகத்தில் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் போகிறார்கள். பக்கத்தில் பெங்களூரிலிருந்தே ஏர் இந்தியா 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லா விமானத்தைத் தொடங்கியது. அங்கிருந்து பெங்களூருக்கு வந்த முதல் விமானத்தை ஓட்டியது முழுக்கப் பெண் விமானிகள்; கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் வட துருவப் பகுதி வழியாக வந்து சேர்ந்தார்கள். நேர்க்கோட்டில் அது 13,993 கிலோமீட்டர். நம்முடையதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஆக, தடை இயந்திரம் அல்ல. தினமும் அந்த விமானத்தை நிரப்பும் அளவுக்கு நல்ல விலை கொடுத்துப் போகும் கூட்டம் சென்னையில் இருக்கிறது என்று எந்த நிறுவனமும் இன்னும் நம்பவில்லை. இது என் அபிப்பிராயம்.

இரண்டாவது காரணம் மலை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழும் என்று பணிப்பெண் காட்டுவார் இல்லையா? பெரும்பாலான விமானங்களில் அது சுமார் 15 நிமிடம்தான் வரும். அதற்குள் விமானி சாதாரணமாக மூச்சு விடக்கூடிய 10,000 அடி உயரத்துக்கு விமானத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். திபெத்தில் தரையே சராசரியாக 14,000 அடிக்கு மேல். எங்கே இறக்குவது? அதனால்தான் அந்தப் பக்கத்தைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

மூன்றாவது அரசியல். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்களுக்கு அதனால் நேரம் கூடியது. வளைகுடாப் பக்கம் பதற்றம் வந்தால் அங்கேயும் இதே கதை. பூமி உருண்டை மாறுவதில்லை, நூலின் நீளம் மாறுவதில்லை. டிக்கெட்டில் போடும் நேரம் மட்டும் சீசனுக்கு சீசன் மாறுவதற்கு இது ஒரு காரணம்.

சரி, நிற்காமல் போக முடியாது என்றால் எங்கே நின்று போவது? வழக்கமான வழிகளின் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால், டெல்லி வழியாக சுமார் 14,100 கிலோமீட்டர். ஹாங்காங் வழியாக 14,800. துபாய் வழியாக 16,000. சிங்கப்பூர் வழியாக 16,500. பிராங்பர்ட் வழியாக 16,700. இவையும் நூல் பிடித்த தூரம்தான். உண்மையில் பறப்பது இன்னும் சில நூறு கிலோமீட்டர் கூடுதலாகவே இருக்கும். கவனித்தீர்களா, ஊரில் எல்லோரும் துபாய் வழி துபாய் வழி என்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு ஹாங்காங் வழி அதைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குறைவு. இதே நியூயார்க்கோ டொராண்டோவோ என்றால் கதை மாறிவிடும், வளைகுடாவும் ஐரோப்பாவும்தான் தோது. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் கிழக்கே பார்க்க வேண்டும்.

இப்போது காற்று. கேள்வியில் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்று சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா, அது விமானம் தன்னைச் சுற்றி இருக்கும் காற்றுக்குள் போகும் வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெரிய காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் அடிப்பது சாதாரணம். ஜப்பானுக்கு மேலேயும் அதைத் தாண்டிய பசிபிக்கிலும் இன்னும் பலமாக இருக்கும். விமானம் அதோடு சேர்ந்து கிழக்கே போனால் தரையைப் பொறுத்தவரை வேகம் 1,100-ஐத் தொடும். எதிர்த்து மேற்கே வந்தால் 700 ஆகக் குறையும். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவரிடம் போய் இதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. காற்று சாதகமாக இருக்கும் நாளில் எவ்வளவு டீசல், எதிர்க்காற்றில் எவ்வளவு டீசல் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும், தூரம் அதேதான்.

இதற்கு நம் நாட்டு உதாரணமே ஒன்று உண்டு. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லா விமானம் விட்டது. அப்போது மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போனார்கள்: சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திசையையே மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாக ஓட்டினார்கள். தூரம் 15,300 ஆனது, அதாவது 1,400 கிலோமீட்டர் அதிகம். நேரமோ பதினான்கரை மணி ஆனது; பழைய வழியைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் குறைவு. முன்பு முகத்தில் அடித்த காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது. சுற்றிப் போய் சீக்கிரம் சேர்ந்தார்கள், எரிபொருளும் மிச்சம். கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைச் சொல்லாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

உங்கள் அம்மா விஷயத்திலும் இதுதான் நடக்கிறது. ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக சுமார் பன்னிரண்டரை மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கும். ஜனவரியில் காற்று நன்றாக இருந்தால் 12-க்குக் கீழேயும் போய்விடும். அதே வழியில் திரும்பி வர பதினான்கரை மணி நேரம். சிங்கப்பூர் வழியிலும் இதே மாதிரி ஒன்றரை, இரண்டு மணி நேர வித்தியாசம் உண்டு. துபாயிலிருந்து போகும் விமானம் பெரும்பாலும் வடக்கே ஏறி துருவத்துப் பக்கமாகப் போய் இறங்குவதால், போக வர அவ்வளவு பெரிய வித்தியாசம் இராது. இரண்டு பக்கமும் 16 மணி நேரத்தை ஒட்டியே வரும்.

மொத்தக் கணக்கு இப்போது எளிது. சென்னை–ஹாங்காங் ஐந்தரை மணி, அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, மேலே பன்னிரண்டரை: ஆக 21. துபாய் என்றால் நாலேகால், மூன்று, பதினாறு: இருபத்து மூன்றேகால். பிராங்பர்ட் வழியில் பறப்பது மட்டுமே இருபத்தொன்றைத் தாண்டும். இடையில் ஏழெட்டு மணி நேரம் உட்கார வைக்கிற டிக்கெட்டுகள்தான் 28 காட்டுகின்றன. அவை விலை குறைவாகவும் இருக்கும். இன்னொன்று, டிக்கெட்டில் இருக்கும் நேரம் விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நின்றபின் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே போட்டு வைப்பார்கள். அரை மணி முன்னதாக இறங்கிவிட்டோம் என்று விமானி பெருமையாக அறிவித்தால் பாதி புண்ணியம் அந்தத் தாராளத்துக்கு.

அடுத்து, எல்லோரையும் குழப்புகிற கடிகாரம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் சென்னை நேரம், சேரும் நேரம் அந்த ஊர் நேரம். இரண்டையும் கழித்தால் பயண நேரம் வராது. குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் பன்னிரண்டரை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அதிகாலை 1.30-க்கு அம்மா சென்னையில் ஏறுகிறார் என்று வையுங்கள். மேலே சொன்ன 21 மணி நேரத்தைக் கூட்டினால் நம் கடிகாரப்படி செவ்வாய் இரவு 10.30. அதில் பதின்மூன்றரையைக் கழித்தால் அங்கே செவ்வாய் காலை 9.00. டிக்கெட்டைப் பார்த்தால் 1.30-க்குக் கிளம்பி அன்றைக்கே 9.00 மணிக்கு இறங்குவது போலத் தெரியும், ஏதோ மதுரைக்குப் பஸ்ஸில் போகிற மாதிரி. ஜூனில் திரும்பும்போது பாருங்கள். செவ்வாய் இரவு 11.30-க்கு அங்கே ஏறினால், அப்போது நமக்குப் புதன் பகல் 12. பதினான்கரை, மூன்றரை மணி நேரக் காத்திருப்பு, ஹாங்காங்கிலிருந்து சென்னைக்கு ஆறு என்று மொத்தம் 24 மணி நேரம். வியாழன் பகல் 12-க்குச் சென்னை. செவ்வாய் ஏறி வியாழன் இறங்குவதால் இரண்டு நாள் போலத் தோன்றுகிறது. அம்மா பயணத்தில் இருப்பது ஒரே ஒரு நாள்தான். கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழியுங்கள். எந்த டிக்கெட்டுக்கும் இது சரியாக வரும்.

ஜூன் மாதத்தில் அக்காவுக்குப் போன் செய்ய ஒரு சுலப வழி: நம் கடிகாரத்தில் அரை மணியைக் கழித்து, காலையை மாலையாகவும் மாலையைக் காலையாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். நமக்குக் காலை 8.00 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 7.30.

எந்த வழி என்று கேட்டால், தனியாகப் போகும் பெரியவருக்கு நான் முதலில் பார்ப்பது மொத்த நேரத்தை அல்ல, நடுவில் இருக்கும் காத்திருப்பை. ஒன்றேகால் மணி நேரத்தில் அடுத்த விமானம் என்று இருந்தால் மொத்த நேரம் அழகாகக் குறைந்து தெரியும், பட்டியலில் அதுதான் மேலே வந்து நிற்கும். இங்கே முக்கால் மணி நேரம் தாமதமானால் அம்மா அங்கே ஓட வேண்டியிருக்கும். மூன்று மணிக்குக் குறையாமல், ஐந்துக்கு மேல் போகாமல் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருப்பது அதைவிட முக்கியம். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். நடக்க முடிகிறவர்தானே என்று யோசிக்காதீர்கள். நடுவழி விமான நிலையத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடை அதிகம், சில இடங்களில் ரயில் வேறு மாற வேண்டும். நாற்காலியோடு ஓர் ஆள் வந்து அடுத்த விமானத்து வாசலில் கொண்டுபோய் விடுவார், ஆங்கிலம் தெரியவில்லை என்ற கவலையும் இல்லை. சாப்பாடும் அப்படித்தான்: நம் ஊர்ப் பக்குவத்தில் சைவம் வேண்டும் என்றால் ஏவிஎம்எல் என்ற குறியீட்டைப் போடச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு நாள் முன்னாலேயே பதிவாகியிருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ இருந்தால், எந்த ஊர் நேரத்துக்கு எதைப் போடுவது என்று போகும் முன் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். மருந்து எல்லாம் கைப்பையில், பெட்டியில் வேண்டாம்.

கடைசியாக, எந்த டிக்கெட்டிலும் வராத தூரம்: தேரடியிலிருந்து மீனம்பாக்கம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ பாதை, மாறாமல் போகலாம். தேரடியில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழியனுப்ப வருகிறவர்களுக்கு அருமையான வசதி. ஆனால் ராத்திரி சுமார் 11 மணியோடு ரயில் நின்றுவிடும், விடிகாலை 5 மணி வரை கிடையாது. வெளிநாட்டு விமானங்கள் பல கிளம்புவதும் வந்து இறங்குவதும் அந்த இடைவெளியில்தான். இரண்டு பெரிய பெட்டிகளோடு அம்மாவை மெட்ரோவில் கூட்டிப்போகச் சொல்லமாட்டேன், கார் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி பக்கமோ கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 1.30 மணி விமானத்துக்கு 10.30-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்றால் வீட்டை விட்டு எட்டரைக்குக் கிளம்புங்கள். ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தால் நல்லதுதான்.

ஜனவரி என்கிறீர்கள், அதில் ஒரு சங்கதி இருக்கிறது. டெல்லி வழி தூரத்தில் குறைவு என்று சொன்னேன். டிசம்பர், ஜனவரியில் அங்கே விழும் மூடுபனியில் விமானங்கள் மணிக்கணக்கில் நின்றுவிடும். தனியாகப் போகும் பெரியவரை அந்த மாதத்தில் அந்த வழியில் அனுப்பமாட்டேன். நம் ஊரிலும் போகி அன்று விடியற்காலை பனியும் புகையும் கலந்து ஓடுபாதை தெரியாமல் போகும். 2018 போகி அன்று சென்னையில் பல விமானங்கள் தாமதமாயின, வந்துகொண்டிருந்த சில விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பி விட்டார்கள். அதனால் போகிக்கு முந்தின இரவு டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். காணும் பொங்கல் அன்று சாயங்காலம் கடற்கரைக் கூட்டம் நகரத்துச் சாலைகளை அடைத்துவிடும், அதுவும் வேண்டாம். ஜனவரி 18-க்குப் பிறகு, செவ்வாய் அல்லது புதன் பார்த்து, ஹாங்காங் வழியாக, மூன்று நான்கு மணி நேரக் காத்திருப்போடு ஒரே பிஎன்ஆரில் கிடைத்தால் போட்டுவிடுங்கள்.